டோக்கியோவில் ஒரு கோழிக் கறி... அதற்குப் பின்னால் ஒரு புரட்சிக்காரர்!

ஐயம்பேட்டையில் தறிச் சத்தத்தோடு வளர்ந்த பிள்ளைகளில் சிலர் இப்போது ஒரகடம் பக்கம் கம்பெனிகளுக்கு ஷிஃப்டுக்குப் போகிறார்கள். அங்கே ஜப்பான் கம்பெனிகளுக்குப் பஞ்சமில்லை. ‘ட்ரெயினிங்குக்கு ஜப்பான் போகச் சொல்றாங்கம்மா’ என்று ஒரு பிள்ளை வந்து நின்றால், வீட்டில் வரும் முதல் கேள்வி விசாவைப் பற்றி இருக்காது. ‘அங்க போய் என்னடா சாப்பிடுவ?’ என்பதாகத்தான் இருக்கும்.

அம்மாக்கள் கவலைப்பட வேண்டாம். ஜப்பானியர்கள் பெரிய கறிப் பிரியர்கள். நம்முடைய ‘கறி’தான் ஆங்கிலேயர் வாயில் ‘கர்ரி’யாகி, அவர்கள் வழியாக ஜப்பானுக்குப் போய் ‘கரே’ ஆனது. போகிற வழியில் ருசியும் மாறிவிட்டது. மாவை வறுத்துக் கெட்டியாக்கி, லேசான இனிப்போடு சோற்றின் மேல் ஊற்றித் தருவார்கள். நம் நாக்குக்கு அது குழம்பு மாதிரி இருக்கும், ஆனால் குழம்பு இல்லை.

இதே குறை ஒரு இந்தியருக்கும் இருந்தது. அவர் ராஷ் பிஹாரி போஸ்.

1912-ல் டெல்லியில் வைஸ்ராய் ஹார்டிஞ்ச் மீது குண்டு வீசப்பட்ட வழக்கில் பிரிட்டிஷ் போலீஸ் தேடிய வங்காளி. 1915-ல் ரவீந்திரநாத் தாகூரின் உறவினர் என்று சொல்லிக்கொண்டு, ‘பி.என்.தாகூர்’ என்ற பெயரில் ஜப்பானுக்குக் கப்பலேறிவிட்டார். பிரிட்டன் கொடுத்த நெருக்கடியில், அவரை நாட்டைவிட்டு வெளியேறச் சொன்னது ஜப்பான் அரசு. கப்பலில் ஏறினால் வழியிலேயே பிடித்துவிடுவார்கள். பிடிபட்டால் தூக்குதான்.

அப்போது அவரை ஒளித்துவைத்தது, டோக்கியோவின் ஷின்ஜுகுவில் இருந்த ‘நகமுராயா’ என்ற பேக்கரி. கடையை நடத்திய சோமா தம்பதி, கடைக்குப் பின்னால் ஓவியர்களுக்காகக் கட்டியிருந்த அறையில் அவரை மாதக்கணக்கில் தங்கவைத்தார்கள். முன்பக்கம் ரொட்டி வியாபாரம், பின்பக்கம் உலகமே தேடும் ஆள்!

வெளியேற்ற உத்தரவு கைவிடப்பட்ட பிறகும் உளவாளிகளின் தொல்லை நிற்கவில்லை. வீடு மாறி வீடு மாறி வாழ்ந்த அவரை 1918-ல் திருமணம் செய்துகொண்டார், சோமா தம்பதியின் மகள் தோஷிகோ. பாஷை தெரியாத ஊரில், தலைமறைவாகத் திரியும் ஒருவருக்குப் பெண் கொடுப்பதென்றால் சும்மாவா? இரண்டு குழந்தைகள் பிறந்தன. 1923-ல் போஸுக்கு ஜப்பான் குடியுரிமையும் கிடைத்தது. இனி நிம்மதி என்ற நேரத்தில், 1925-ல் தோஷிகோ நோயில் இறந்துபோனார். இருபதுகளில்தான் இருந்தார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1927 ஜூன் மாதம், நகமுராயாவில் சாப்பாட்டுக் கடை திறந்தபோது மெனுவில் ஏறியது மாப்பிள்ளையின் ‘இந்தியக் கறி’. மாவு கரைத்த குழம்பெல்லாம் கிடையாது. எலும்போடு கோழி, மசாலா, தயிர். மற்ற கடைகளில் 10, 12 சென்னுக்குக் கறிச்சோறு கிடைத்த காலத்தில் இதன் விலை 80 சென். அப்படியும் கூட்டம் வந்தது. ‘காதலும் புரட்சியும் கலந்த ருசி’ என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள்.

பிறகு இந்திய சுதந்திர லீக்கை வழிநடத்திய போஸ், 1943-ல் சிங்கப்பூரில் அந்தப் பொறுப்பை நேதாஜியிடம் ஒப்படைத்தார். மலாயாவின் ரப்பர் தோட்டத் தமிழர்கள் திரளாகச் சேர்ந்த இயக்கம் அது. 1945 ஜனவரியில் டோக்கியோவிலேயே போஸ் காலமானார். ஊர் திரும்பவே இல்லை.

ஷின்ஜுகு ஸ்டேஷனின் கிழக்கு வாசலிலிருந்து சில நிமிட நடையில் நகமுராயா கட்டடம். தரைக்குக் கீழே இரண்டாவது தளத்தில் ‘மன்னா’ உணவகம். தட்டில் சோறு தனியாக, கிண்ணத்தில் கறி தனியாக வரும். காரம் நம் அளவுக்கு எதிர்பார்க்க வேண்டாம். சைவம் என்றால் உட்காரும் முன்பே கேட்டுவிடுங்கள். ஜப்பானில் சாதாரணக் காய்கறிக் ‘கரே’யில்கூட மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இருக்கலாம். மேலே மூன்றாவது மாடியில், அந்தக் காலத்தில் கடையைச் சுற்றியிருந்த கலைஞர்களின் படைப்புகளுக்குச் சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது.

இன்னொரு நாள் கையில் இருந்தால் கின்ஸாவில் ‘நாயர்ஸ்’. போஸின் சகாவான திருவனந்தபுரத்துக்காரர் ஏ.எம்.நாயர் 1949-ல் ஆரம்பித்தது. அங்கே எல்லோரும் கேட்பது ‘முருகி லஞ்ச்’. முருகனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, வங்காளியில் கோழி என்று அர்த்தம். மஞ்சள் சோறு, முட்டைகோஸ், மசித்த உருளைக்கிழங்கு, கோழிக்கால் எல்லாம் ஒரே தட்டில் வரும். எலும்பை மேசையிலேயே உருவி எடுத்துவிட்டு, ‘நல்லா கலந்து சாப்பிடுங்க’ என்பார்கள். சோற்றையும் கறியையும் ஒன்றாகக் குழப்பாமல் சாப்பிட்டுப் பழகிய ஜப்பானியர்கள் கொஞ்சம் தயங்குவார்கள். பிசைந்து சாப்பிட நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டுமா, என்ன?