வெனிலா சவர்க்காரம் ஏன் பழுப்பேறுகிறது?

தோட்டங்கள் போய்த் தாமான்கள் வந்துவிட்ட செமோரில், வீட்டிலேயே சவர்க்காரம் ஊற்றி விற்கும் பெண்கள் கேட்கும் கேள்வி இது. அச்சிலிருந்து எடுக்கும்போது வெண்ணெய் நிறத்தில் இருந்த கட்டி, இரண்டொரு வாரத்தில் தேயிலைச் சாயம் ஏறியதுபோல் ஆகிவிடுகிறது. செம்பனை எண்ணெய் கெட்டுவிட்டதோ, காஸ்டிக் சோடா அளவு பிசகியதோ என்று கவலைப்படுகிறார்கள். வெனிலா வாசனை போட்டிருந்தால் பெரும்பாலும் இரண்டுமே காரணமில்லை. காரணம் வெனிலின்.

வெனிலா மணத்தின் உயிர் அதுதான். 1858இல் பிரான்சின் கோப்லி அதை வெனிலா காயிலிருந்து பிரித்தெடுத்தார். 1874இல் ஜெர்மனியில் டீமனும் ஹார்மனும் பைன் மரச் சாற்றுப் பொருளிலிருந்து அதை உருவாக்கிக் காட்டினார்கள். காற்றும் வெளிச்சமும் பட்டாலே வெனிலின் நிறம் மாறும். காரத்தில் இன்னும் வேகமாக மாறும். காஸ்டிக் சோடாவில் செய்த சவர்க்காரம் நன்கு முற்றிய பிறகும் பிஎச் 9, 10 அளவில் காரமாகத்தான் இருக்கும். நம் ஊர் வெக்கையும் சேர்ந்துகொள்கிறது. பழுப்பேறிய கட்டி ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள்: காற்றுப் பட்ட ஓரம் கருத்திருக்கும், நடுப்பகுதி வெளிறியிருக்கும்.

இது கெட்டுப்போனதற்கு அடையாளமல்ல, தாராளமாகக் குளிக்கலாம். ஆரஞ்சுப் புள்ளிகளும் சிக்கு வாடையும் வந்தால்தான் எண்ணெய் கெட்டதாக அர்த்தம்.

பழுப்பைத் தடுக்க ‘வெனிலா ஸ்டெபிலைசர்’ வாங்கிப் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள். உருக்கி ஊற்றும் சவர்க்காரத்திலும் லோஷனிலும் அது ஓரளவு கைகொடுக்கும். முதலில் வாசனை எண்ணெயோடு கலந்து வைத்து, பிறகு சேர்க்க வேண்டும். காஸ்டிக் சோடா சவர்க்காரத்தில் அதை நம்ப முடியாது. டைட்டானியம் டையாக்சைடு பழுப்பைச் சற்று வெளிறச் செய்யும், தடுக்காது. பாதிக்கு வாசனை சேர்க்காமல் இரண்டு அடுக்காக ஊற்றினாலும், நாளடைவில் பழுப்பு வெள்ளைப் பக்கம் கசியும்.

வெள்ளையாகவே வேண்டுமென்றால் வெனிலின் இல்லாத வாசனைதான் வழி. எத்தில் வெனிலினும் இதே வேலையைச் செய்யும் என்பதால் அதையும் கணக்கில் சேருங்கள். வெனிலா மணம்தான் முக்கியம் என்றால், பழுப்பு வருமென்று தெரிந்தே காப்பி, சாக்லேட் நிறங்களில் திட்டமிடுங்கள். தீபாவளிக்குச் செய்கிறவர்கள் ஒரு சிறு அச்சு ஊற்றி, ஆறு வாரம் வைத்துப் பார்த்த பிறகே பெரிய அளவில் இறங்குவது நல்லது.

அடுத்த புட்டிக்குக் காசு கொடுக்கும் முன், வெனிலின் எத்தனை விழுக்காடு என்று விற்பவரிடம் கேளுங்கள். சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.