கூடாரத்தில் நூறு பேர், விளக்கடியில் ஒன்பது பேர்



உங்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. ஆனால் கொஞ்சம் திட்டத்தான் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். போன மே 18-ஆம் தேதி மாலை முள்ளிவாய்க்காலில் செத்தவர்களுக்கு விளக்கேற்ற நாங்கள் நின்ற இடத்தில் ஒன்பது பேர்தான் இருந்தோம். நாலு வீடு தள்ளி ஒரு பிறந்தநாள் விருந்து. கூடாரம், பிரியாணி, கரோக்கே. நூறு பேர் இருப்பார்கள். பிறந்தநாள் கொண்டாடியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தக் கூடாரத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் "கண்டிப்பா வர்றோம் தம்பி" என்று எனக்கு வாக்குக் கொடுத்தவர்கள். என் கோபம் அதுதான்.

இது இன்றைக்கு ஆரம்பித்ததல்ல. முதல் முறை நின்றது 2009 மே மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத்தைத் துண்டாடி விற்ற பிறகு நம் சனங்கள் குடியேறிய ஒரு மலிவு வீட்டுத் தமான். அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. வக்கீல் தொழிலுக்கு வந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. அறுபது பேர் வருவதாகச் சொன்னார்கள், வந்தது பதினொரு பேர். மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு எங்களைப் படம் எடுத்த இரண்டு பேரையும் சேர்த்தால் பதின்மூன்று!

அன்று மதியம் கோயில் தலைவரைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர். என் அப்பாவோடு ஒரே நிரையில் மரம் வெட்டியவர். கோயில் மண்டபத்தில் ஒரு மணி நேரம் பிரார்த்தனைக்கு இடம் கேட்டேன். அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"தம்பி, நீ வக்கீல். உன்னைப் புடிச்சா உனக்காகப் பேச நாலு வக்கீல் வருவாங்க. என் மகன் அரசாங்க வேலைக்கு மனு போட்டிருக்கான். கோயில் நிலத்துக்கு இன்னும் கிராண்ட் கிடைக்கல. யாரோ சிலோன்காரன் சண்டைக்கு நம்ம சாமியைத் தெருவுல நிறுத்தச் சொல்றியா?"

பயத்துக்குக் காரணம் இருந்தது, அதை நான் மறைக்கப் போவதில்லை. சட்டமன்ற சபாநாயகர் வி. சிவகுமாரை மே 7-ஆம் தேதி அவைக்குள்ளேயே இழுத்து வெளியேற்றிய மாதம் அது. பேராக்கே கொதித்துக்கொண்டிருந்தது. ஹிண்ட்ராஃப் தலைவர்கள் ஐவரை 2007 டிசம்பர் 13-இல் ஐ.எஸ்.ஏ.வில் பிடித்து நம் தைப்பிங் பக்கத்துக் கமுந்திங் முகாமில்தான் அடைத்தார்கள். பிடிப்பதற்கு முன்னால் என்ன சொன்னார்கள், ஞாபகம் இருக்கிறதா? விடுதலைப் புலிகளோடு தொடர்பாம்! சொந்த நாட்டில் சொந்த உரிமை கேட்டவனுக்கே புலி முத்திரை. அப்படியிருக்க மெழுகுவர்த்தி பிடிப்பவன் கதி என்ன என்று தலைவர் யோசித்ததில் தப்பில்லை.

ஆனால் "யாரோ சிலோன்காரன்" என்றாரே, அதை என்னால் விட முடியவில்லை.

இந்த வார்த்தைக்குப் பின்னால் ஒரு பழைய புண் இருக்கிறது. யாரும் எழுதுவதில்லை, நான் எழுதுகிறேன். வெள்ளைக்காரன் காலத்துத் தோட்ட ஆபீசில் கிராணியாக உட்கார்ந்திருந்தவர்களில் யாழ்ப்பாணத்தார் நிறைய. நம் தாத்தாக்கள் அவர்கள் முன்னால் சைக்கிளை விட்டு இறங்கி நடந்தார்கள். துண்டை இடுப்பில் கட்டினார்கள். கிராணி வீட்டுப் பிள்ளை ஆங்கிலப் பள்ளிக்குப் போனது, லயத்துப் பிள்ளை மங்கு துடைத்தது. என் பாட்டி சாகும்வரை "கிராணி" என்ற சொல்லைத் துப்புகிற மாதிரித்தான் சொல்வாள். "அவனுங்க நம்மள மனுசனாவே மதிக்கல, இப்ப அவனுங்களுக்கு நாம அழணுமா?" என்று ஈப்போ புந்தோங்கில் ஒரு அண்ணன் என்னிடம் நேராகவே கேட்டார். கேட்டதற்கு அவருக்கு நன்றி. மற்றவர்கள் மனதுக்குள் வைத்துக்கொண்டு வராமல் இருந்தார்கள், இவர் வாயைத் திறந்து சொன்னார்.

அண்ணே, உங்களுக்குப் பதில் இது. வன்னியில் குண்டு விழுந்தபோது செத்தது உங்கள் தாத்தாவை மிரட்டிய கிராணியின் பேரனா? அந்தப் பேரன்களில் பலர் எப்போதோ லண்டனுக்கும் டொரண்டோவுக்கும் போய்விட்டார்கள். கடைசி வரை வன்னியில் கிடந்தவர்கள் போக வழியில்லாத ஏழைகள். அதில் ஒரு பெரிய பங்கு மலையகத்திலிருந்து போனவர்கள். யார் இந்த மலையகத்தார்? நம்மை இங்கே பால்மரம் வெட்டக் கங்காணி கூட்டிவந்த அதே காலத்தில், அதே தஞ்சாவூர், திருச்சி, சேலம், ஆற்காட்டுப் பக்கத்து ஊர்களிலிருந்து தேயிலை பறிக்கக் கண்டிக்குக் கூட்டிப்போகப்பட்டவர்கள். ஒரே குடும்பத்தில் அண்ணன் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்குக்கு வந்திருப்பான், தம்பி கொழும்புக்குப் போயிருப்பான்.

1948-இல் இலங்கை ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டு அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு 525,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது என்று ஆட்டுமந்தை மாதிரிப் பங்கு பிரித்தார்கள். 1977 கலவரத்தில் தோட்டத்து லயங்களை விட்டு உயிருக்குப் பயந்து ஓடியவர்கள், "வன்னியில் தமிழர்கள் இருக்கிறார்கள், அங்கே பத்திரமாக இருக்கலாம்" என்று நம்பிக் கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் குடிசை போட்டார்கள். முப்பது வருடம் கழித்து அங்கேயும் குண்டு வந்தது. தோட்டத்துச் சனம் அண்ணே. நீலக் கார்டு கிடைக்காமல் சிவப்பு ஐசியோடு பதிவு இலாகா வாசலில் காத்துக் கிடக்கிற நம் கிழவிகளைப் போன்றவர்கள்தான். இப்போது சொல்லுங்கள், அவன் யாரோவா?

2009-இல் அந்தப் பதினொரு பேரில் ஒரு பாட்டி இருந்தாள். எழுபத்தைந்து வயதுக்கு மேல். செருப்பு இல்லாமல் வந்தாள். நான் மெகாபோன் இல்லாமல் தொண்டை கிழியப் பேசினேன். போர் முடிந்த பிறகும் ஏறத்தாழ 280,000 பேரை முகாம்களில் முள்கம்பிக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். பாட்டி இடையில் கேட்டாள்: "அங்கயும் முள்ளுக்கம்பி போட்டுட்டானுங்களா?"

அங்கயும்.

1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒருவர் எல்பில் தோட்டத்தில். அதிலிருந்து தொடங்கிய அவசரகாலம் 1960 வரை நீடித்தது. லயங்களை ஒன்றாகக் குவித்துச் சுற்றிலும் முள்வேலி போட்டார்கள். அரிசி அளந்து கொடுத்தார்கள். வெட்டுக்குப் போகிறவன் காட்டுக்காரனுக்குச் சோறு கொண்டுபோகிறானா என்று வாசலில் சோதனை. பெண்களையும் விடவில்லை. பாட்டி அப்போது சின்னப் பெண். அவளுக்கு ஐ.நா. தெரியாது, ராஜபக்சே தெரியாது, முள்கம்பி தெரியும். சட்டம் படித்த எனக்கு அன்றைக்குப் பாடம் எடுத்தது அவள்தான்.

அதற்கும் முன்னால் சயாம் மரண ரயில். 1942-43-இல் ஜப்பான்காரன் நம் தோட்டங்களிலிருந்து ஆயிரம் ஆயிரமாக ஆட்களை அள்ளிக்கொண்டு போய் 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட்டான். என் தாத்தாவின் அண்ணன் போனார், திரும்பவில்லை. கஞ்சனாபுரிக்குப் போய்ப் பாருங்கள். ஏறத்தாழ 7,000 நேச நாட்டுப் போர்க் கைதிகளின் கல்லறைகள் வரிசையாக, புல் வெட்டி, அவ்வளவு அழகாக இருக்கும். அவர்களைவிடப் பல மடங்கு செத்த நம் கூலிகளுக்கு எத்தனை கல்லில் பெயர் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். போர் நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று சொல்கிற தமிழன், தன் வீட்டில் எத்தனை பேர் காணாமல் போனார்கள் என்று தாத்தாவிடம் கேட்காமலே வளர்ந்தவன்.

அடுத்து, நம் அரசாங்கம். இங்கே நான் வக்கீலாகவே பேசுகிறேன்.

நாங்கள் பதினொரு பேர் நின்ற அதே வாரம், மே 27-ஆம் தேதி, ஜெனிவாவில் ஐ.நா. மனித உரிமை மன்றத்தில் ஓட்டெடுப்பு நடந்தது. இலங்கை தானே எழுதித் தன்னையே பாராட்டிக்கொண்ட தீர்மானம். ஆதரவு 29, எதிர்ப்பு 12, நடுநிலை 6. மலேசியா எங்கே நின்றது? அந்த 29-இல் ஒன்றாக! (இந்தியாவும் அதே பக்கம்தான்.) 2011-இல் ஐ.நா. நிபுணர் குழு, கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று அறிக்கை கொடுத்தது. அதே 2011-இல் கோலாலம்பூரில், அரசாங்கம் நடத்தாவிட்டாலும் முன்னாள் பிரதமர் மகாதீர் முன்னின்று அமைத்த போர்க்குற்றத் தீர்ப்பாயம், ஈராக் போருக்காகப் புஷ்ஷையும் பிளேரையும் குற்றவாளிகள் என்று தீர்ப்புச் சொன்னது. சரி, சந்தோஷம், நானும் கை தட்டினேன். அடுத்த வருடம் இலங்கை மேல் தீர்மானம் வந்தபோது மலேசியா நடுநிலை. 2013-இலும் நடுநிலை. பாக்தாத்துக்குக் கண்ணீர், முல்லைத்தீவுக்கு நடுநிலை. இது என்ன நியாயம் என்று கேட்க வேண்டியது யார்? நாடாளுமன்றத்தில் கேட்கச் சொல்லி உங்கள் எம்.பி.யை என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா? ரோட்டுக் குழிக்கு மட்டும்தான் போன் செய்வீர்களா?

இப்போது இதே கேள்வியை நம் பக்கம் திருப்புகிறேன். கசக்கும்.

2023 அக்டோபரிலிருந்து காஸாவில் நடந்ததைப் பார்த்தீர்கள். செத்தவர்கள் எண்ணிக்கை 60,000-ஐத் தாண்டிவிட்டதாக அங்குள்ள சுகாதார அமைச்சு 2025-இல் சொன்னது. ஈப்போவில் பாலஸ்தீனத்துக்காகக் கூடிய ஒரு கூட்டத்தில் நானும் போய் நின்றேன். கூட்டத்தில் தமிழ் முகங்களை எண்ண எனக்கு ஒரு கை விரல்களே போதுமாக இருந்தது. மறுநாள் சாப்பாட்டுக் கடையில் ஒருவர் கேட்டார், "அது அவங்க விஷயம், உங்களுக்கு என்ன சார் அங்க வேலை? நமக்கு அவங்க வந்தாங்களா?"

வரவில்லை, உண்மைதான். அன்று என் பக்கத்தில் நின்ற மலாய்க்கார நண்பரிடம் முள்ளிவாய்க்கால் பற்றிச் சொன்னபோது "அது எல்டிடிஇ சண்டைதானே?" என்றார். போனில் படம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மே 18-இல் எங்கள் ஒன்பது பேரில் அவர் ஒருவர். மனைவியையும் கூட்டி வந்திருந்தார். கூடாரத்தில் நூறு தமிழர், விளக்கடியில் ஒரு மலாய்க் குடும்பம்! நான் அங்கே போய் நின்றிருக்காவிட்டால் அவர் இங்கே வந்திருப்பாரா?

அதோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சில தம்பிகளுக்கு என் மேல் வருத்தம் வரும், வரட்டும். அதே நிபுணர் குழு அறிக்கை, புலிகள் மக்களைத் தப்பிப் போக விடாமல் பிடித்து வைத்ததையும் பிள்ளைகளைக் கட்டாயமாகப் படையில் சேர்த்ததையும் எழுதியிருக்கிறது. அதை மறைத்துவிட்டு நாம் நியாயம் கேட்டால் எவனும் மதிக்க மாட்டான். 2016 செப்டம்பரில் கோலாலம்பூர் விமான நிலையத்தில் இலங்கைத் தூதரை அடித்தார்களே, அந்த ஒரு நிமிட வீரத்தால் நமக்குக் கிடைத்தது என்ன? அடுத்த பல வருடம் "தமிழர் என்றால் முரடர்" என்ற பேச்சு. செத்தவர்களுக்காக நிற்பது வேறு, கொடி பிடிப்பது வேறு.

2019 அக்டோபரில் பன்னிரண்டு பேரைச் சொஸ்மாவில் பிடித்தார்கள். அதில் இரண்டு பேர் சட்டமன்ற உறுப்பினர்கள். தாப்பாவிலிருந்து தைப்பிங் வரை அன்றைக்கு எத்தனை பேர் போனில் இருந்த படங்களை அழித்தீர்கள் என்று எனக்குத் தெரியும், பாதிப் பேர் என்னைக் கூப்பிட்டுத்தான் கேட்டீர்கள். ஆனால் அந்த வழக்கு எப்படி முடிந்தது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? 2020 பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ் எல்லாக் குற்றச்சாட்டுகளையும் கைவிட்டார். தண்டனை கிடைக்க வாய்ப்பே இல்லை என்றார். நாலு மாதம் உள்ளே இருந்ததற்கு யார் பதில் சொல்வது என்பது வேறு கதை. பிடித்த செய்தி எல்லா வீட்டுக்கும் போனது, விட்ட செய்தி வாசற்படியோடு நின்றுவிட்டது.

ஆகவே சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். அமைதியாகக் கூடும் உரிமையை அரசியலமைப்பின் 10-ஆம் பிரிவு குடிமக்களுக்குக் கொடுக்கிறது. 2009-இல் போலீஸ் லைசென்ஸ் வேண்டும் என்றார்கள், அந்தக் காலம் போய்விட்டது. 2012-இல் வந்த அமைதிப் பேரணிச் சட்டத்தின்படி ஏற்பாட்டாளர் முன்கூட்டியே பாலாய்க்கு அறிவிப்புக் கொடுத்தால் போதும். அறிவிப்புக் கொடுக்கவில்லை என்பதற்காகக் குற்றவாளியாக்கும் 9(5) பிரிவை 2025 ஜூலை 1-ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் அரசியலமைப்புக்கு முரணானது என்று தள்ளிவிட்டது. அப்படியும் நாங்கள் அறிவிப்புக் கொடுத்துத்தான் நடத்துவோம், வம்பு எதற்கு? அதைவிட முக்கியம், கோயில் தலைவர்கள் கவனிக்க: சமயக் கூட்டத்துக்கு அந்த அறிவிப்புகூடத் தேவையில்லை. உங்கள் மண்டபத்துக்குள் மோட்ச விளக்கு ஏற்றித் தேவாரம் பாடினால் எந்தச் சட்டமும் தடுக்காது. தடுத்துக்கொண்டிருப்பது நீங்கள்தான் ஐயா.

எனக்கு இடம் கொடுக்க மறுத்த அந்தத் தலைவர் இப்போது இல்லை. போன வருடம் தவறிவிட்டார். கோயில் நிலத்துக்கு அவர் காலத்தில் கிராண்ட் வரவே இல்லை. சாவு வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மகன், அன்றைக்கு அரசாங்க வேலைக்கு மனு போட்டிருந்த அதே பையன், இன்றைக்கு லோரி ஓட்டுகிறான். என்னை வாசல் வரை கொண்டுவந்து விட்டவன், "அண்ணே, அடுத்த மே மாசம் எத்தனை மணிக்கு?" என்று கேட்டான். சொன்னேன். இந்த மே மாதம் வந்த ஒன்பது பேரில் அவனும் ஒருவன்.

அடுத்த மே 18-ஆம் தேதியும் அதே இடம்தான், மாலை ஏழு மணி. மழை வந்தால் பக்கத்துப் பஸ் நிறுத்தத்தில் ஒதுங்குவோம். கொடி வேண்டாம், எந்தத் தலைவர் படமும் வேண்டாம். பதினைந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை அழைத்து வராதீர்கள், சட்டம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அகல் விளக்கும் எண்ணெயும் நாங்கள் கொண்டு வருகிறோம். அன்றைக்கு உங்கள் வீட்டில் விருந்து இருந்தால் எட்டு மணிக்கு மேல் வையுங்கள். நாங்களும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறோம்.