ஜனரஞ்சக நாவலும் மதிப்புரைப் பக்கமும்

வாடகை நூல் நிலையங்கள் தழைத்திருந்த காலத்தில், வாராந்தரிகளிலிருந்து கிழித்தெடுத்துத் தைத்துக் கட்டிய தொடர்கதை வால்யூம்களின் ஓரங்களில் முகமறியாத வாசகர்கள் பென்சிலால் எழுதிவைத்த குறிப்புகளைப் பார்த்தவர்கள், தமிழில் ஜனரஞ்சக நாவலுக்கு விமரிசனமே கிடையாது என்று சொல்லத் துணியமாட்டார்கள். ‘சுத்த அறுவை’ என்றும், ‘இவள் இதை முன்பே சொல்லித் தொலைத்திருந்தால் என்ன?’ என்றும், துப்பறியும் கதையாயின் முதற் பக்கத்திலேயே கொலைகாரன் பெயரைப் போட்டுடைத்தும் சென்ற அந்த வாசகர்கள், பண்டிதர்கள் செய்ய மறுத்த காரியத்தைத் தம்மாலானமட்டும் செய்துகொண்டிருந்தார்கள். அந்தக் காரியத்தை நமது பத்திரிகைகளின் மதிப்புரைப் பக்கங்கள் இனியேனும் பொறுப்போடு ஏற்கவேண்டும் என்பதே நமது கட்சி.

ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், 115 நாவல்கள் எழுதிய வை.மு. கோதைநாயகி அம்மாள் தொடங்கி, 1,500-க்கு மேல் எழுதிக் குவித்துள்ள ராஜேஷ்குமார் வரையில், எல்லோரையும் ‘பொழுதுபோக்கு’ என்ற ஒரே சொல்லால் தள்ளிவிடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. க.நா.சுப்ரமண்யம் போன்ற விமரிசகர்கள் கல்கி முதலியோரிடம் காட்டிய கடுமைக்கு அக்காலத்தில் நியாயம் இருந்தது; வாராந்தரிகளின் செல்வாக்கு மற்றெல்லாக் குரலையும் அமுக்கிவிடக் கூடியதாயிருந்தது. ஆனால், அவர்கள் படித்துவிட்டு நிராகரித்தார்கள்; பின்வந்தோரிற் பலர் நிராகரிப்பதன் பொருட்டே படிக்காமலிருக்கிறார்கள்.

ஒவ்வொரு வகை நாவலுக்கும் தனித் தர்மம் உண்டு என்பதைப் ‘பொன்னியின் செல்வ’னே தெளிவாக்கும். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று உடையார்குடிக் கல்வெட்டு சோமன், ரவிதாஸன், பரமேசுவரன் ஆகியோரைப் பெயர் சுட்டியே சொல்லுகிறது. கல்கியோ, 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் நடத்திய அந்நாவலில், சதிகாரரைக் கண்முன் நிறுத்தியும், கொலை நடந்த இருண்ட அறையில் வெட்டிய கை எவருடையது என்பதைச் சந்தேகத்திலேயே விட்டுவிட்டார். துப்பறியும் நாவலாசிரியர் இவ்வாறு செய்தால் அது மோசடி. வாசகர் புத்தகத்தை வீசியெறிவதில் தவறில்லை. சரித்திர நாவலிலோ, நந்தினியும் பெரிய பழுவேட்டரையரும் வந்தியத்தேவனும் ஆளுக்கொரு பங்கு பழியைச் சுமக்கும்படி செய்த அந்த மறைப்பே கதையின் உயிர்நிலையாகிவிடுகிறது. ஒரே உபாயம் ஓரிடத்தில் குற்றமாகவும் மற்றோரிடத்தில் குணமாகவும் ஆவதை எடுத்துச் சொல்லுவதன்றோ விமரிசகரின் வேலை?

வகை தெரிந்து வாசிப்பவர் கண்மூடிப் புகழவும் மாட்டார். சாண்டில்யனின் ‘கடல் புறா’வில் கப்பலும் கடற்போரும் வரும் பகுதிகளின் விறுவிறுப்பை ஒப்புக்கொள்ளும் அவரே, நாயகியின் அங்கவர்ணனை அத்தியாயக் கணக்கில் நீளுவது தொடர்கதையின் பக்கம் நிரப்பும் வியாதி என்றும் சொல்லுவார். சுஜாதாவின் கணேஷ்-வஸந்த் கதைகளிற் சிலவற்றில், வஸந்தின் வேடிக்கைப் பேச்சைக் கழித்துவிட்டால் மர்மம் மெலிந்துபோவதை அவர் கவனியாமல் இரார். ரமணிசந்திரனின் குடும்ப நாவலில் இருவரும் இறுதியில் சேருவார்கள் என்பது முதல் அத்தியாயத்திலேயே தெரிந்த சங்கதி. அதற்காக அதைப் படிக்கும் பெண்மணியை அசடு என்று கருதுபவர், அவர் அந்தத் தாமதத்தின் நயாநயங்களை எவ்வளவு துல்லியமாக எடைபோடுகிறார் என்பதை அறியாதவர்.

எப்படியும் விற்பனையாகும் சரக்குக்கு மதிப்புரை எதற்கு என்று கேட்கலாம். விற்பனையாவதனாலேயே வேண்டும் என்கிறோம். பஸ் நிலையத்துக் கடையில் கொடியில் தொங்கும் மாத நாவலை வாங்குபவருக்கு, கதைக்குச் சம்பந்தமில்லாத மேலட்டைப் படத்தையும் பிரசுரகர்த்தரின் சுயபுராணத்தையும் தவிர வேறு வழிகாட்டி இல்லை. அன்று ஆங்கில நாவலாசிரியர் ரெயினால்ட்ஸின் கதைகள் ஊரும் பேரும் மாறித் தமிழில் உலாவின. இன்று எந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டுபிடிக்கவும் அவ்வகையில் ஊறிய மதிப்புரையாளரே வேண்டும்.

ஆகவே, வாரத்துக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். அதைத் துப்பறியும் கதை என்றாலே முகஞ்சுளிக்கும் கவிஞரிடம் தண்டனைபோல ஒப்படைக்காமல், நூறு துப்பறியும் நாவல்களை ஆசையோடு படித்து, அவற்றில் எண்பது தேறாது என்று காரணத்தோடு சொல்லக் கூடியவரிடம் கொடுங்கள். அவர் பெயரையும் பத்தியின் தலையில் அச்சிடுங்கள்.