கேள்விக்குப் பின்னால் நிற்பது யார்?

நம் நாடியைப் பிடித்துப் பார்க்கும் வைத்தியரிடம் நாம் எதிர்பார்ப்பது என்ன? பார்த்துத் தெரிந்துகொண்டதை நம் நோயைத் தீர்க்கப் பயன்படுத்த வேண்டும். நம்மை அடக்க நினைப்பவனிடம் போய்ச் சொல்லக்கூடாது. இது வைத்தியத் தொழிலின் தர்மம். சமூகத்தின் நாடியைப் பார்க்கும் சமூகவியல் ஆராய்ச்சியாளருக்கும் இந்தத் தர்மம் உண்டா, இல்லையா? உண்டு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது யார் என்று கேட்டால் மட்டும் பலருக்கு வாய் அடைத்துப் போகிறது.

இதற்குச் சரித்திரத்தில் மறக்கக்கூடாத பாடம் ஒன்று உண்டு. அதன் பெயர் 'காமெலாட் திட்டம்'.

1964-ம் ஆண்டின் இறுதியில், வாஷிங்டனில் உள்ள அமெரிக்கன் பல்கலைக்கழகத்துடன் இணைந்திருந்த ஒரு ஆராய்ச்சி ஸ்தாபனம், பல நாட்டுப் பேராசிரியர்களுக்குக் கடிதம் எழுதியது. வளர்முக நாடுகளில் உள்நாட்டுக் கலகம் எப்போது மூளும், அதை முன்கூட்டியே கண்டறிவது எப்படி, அந்த நாட்டுச் சர்க்கார் அதைத் தடுக்க என்ன செய்யலாம் என்று ஆராய்வது திட்டம். மூன்று, நான்கு ஆண்டுகளில் 40 லட்சம் முதல் 60 லட்சம் டாலர் வரை செலவாகும் என்று மதிப்பிட்டார்கள். சமூக ஆராய்ச்சிக்கு அதுவரை கேள்விப்படாத தொகை! படியளந்தது யார்? அமெரிக்க ராணுவம்.

ஜனங்கள் ஏன் கிளர்ந்தெழுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள ராணுவத்துக்கு ஏன் இத்தனை ஆவல்? நிலமில்லாதவனுக்கு நிலம் கொடுக்கவா? 1965 ஏப்ரலில் அதே ராணுவம் டொமினிக்கன் குடியரசில் போய் இறங்கியது. அந்தச் செயலே இதற்குப் பதில் சொல்லிவிட்டது.

சிலி நாட்டின் தலைநகரான சான்டியாகோவில் அப்போது போதித்துவந்த நார்வே நாட்டுப் பேராசிரியர் யோஹான் கால்துங்குக்கும் அழைப்பு வந்தது. அவர் மறுத்தார். அதோடு நிற்காமல், இதற்குப் பின்னால் இருப்பது யார் என்பதைச் சிலி நாட்டுப் பேராசிரியர்களிடம் சொன்னார். அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு மானிடவியலாளரோ, ராணுவத் தொடர்பை மறைத்து அதே பேராசிரியர்களிடம் ஒத்துழைப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். குட்டு உடைந்தது. 'எல் சிக்லோ' என்ற கம்யூனிஸ்டுப் பத்திரிகை விஷயத்தை ஊரறியச் செய்தது. சிலி நாடாளுமன்றம் கொதித்தது, விசாரணை நடந்தது. அமெரிக்கத் தூதருக்கே முன்கூட்டித் தெரியாத திட்டம் இது! 1965 ஜூலை 8-ம் தேதி அமெரிக்க ராணுவ இலாகா திட்டத்தைக் கைவிட்டது.

திட்டத்தில் சேர்ந்திருந்த பேராசிரியர்களில் பலர் நல்லவர்கள், ராணுவத்தை நல்வழிப்படுத்தலாம் என்று நம்பியவர்கள் என்று அன்றே சிலர் வாதாடினார்கள். இருக்கலாம். ஆனால் நல்ல எண்ணத்தால் வாடகைக்கு விட்ட வீட்டில் வாடகைக்காரன் என்ன செய்கிறான் என்பதுதான் கேள்வி. சிலி ராணுவத்தின் பணத்தில் சிலி பேராசிரியர்கள் அமெரிக்கா சென்று, நீக்ரோ மக்கள் எப்போது கிளர்ந்தெழுவார்கள் என்று வீடு வீடாகக் கேட்டிருந்தால் வாஷிங்டன் பொறுத்திருக்குமா? திட்டம் கைவிடப்பட்ட அடுத்த மாதமே லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வாட்ஸ் பகுதி தீப்பற்றி எரிந்தது. 34 பேர் மாண்டார்கள். உள்நாட்டுக் கலகம் எங்கே மூளும் என்பதைப் பார்க்க அவர்கள் கடல் தாண்டிப் போயிருக்க வேண்டியதில்லை.

இது காமெலாட்டோடு தொடங்கியதும் அல்ல, முடிந்ததும் அல்ல. 1919-ல் பிரான்ஸ் போவாஸ் என்ற பெரும் மானிடவியல் அறிஞர், முதல் உலக யுத்தத்தில் ஆராய்ச்சி என்ற போர்வையில் நால்வர் உளவு பார்த்ததாகப் பத்திரிகையில் எழுதினார். அமெரிக்க மானிடவியல் சங்கம் உளவு பார்த்தவர்களை விட்டுவிட்டு, உண்மை சொன்னவரைக் கண்டித்தது! அந்தக் கண்டனத்தை ரத்து செய்ய 2005 வரை ஆயிற்று. நம் இமயமலை எல்லைப் பகுதி பற்றிய கலிபோர்னியா பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கு அமெரிக்க ராணுவ இலாகாவின் பணம் வந்தது 1968-ல் அம்பலமாகி, அதுவும் கைவிடப்பட்டது. பின்னர் ஆப்கானிஸ்தானிலும் இராக்கிலும் அமெரிக்கப் படைகளுடன் சமூக ஆராய்ச்சியாளர்களை அனுப்பினார்கள். 2007-ல் அதே மானிடவியல் சங்கம் இதை ஏற்க மறுத்தது. 1919-ல் போவாஸைக் கண்டித்த சங்கம் இவ்வளவு தூரம் வந்தது என்றால், அதற்குச் சிலியில் எழுந்த குரலும் ஒரு காரணம்.

அப்படியானால் ஆராய்ச்சியே வேண்டாமா? வேண்டும். 1880-ல் மார்க்ஸ் பிரெஞ்சுத் தொழிலாளர்களுக்காகச் சுமார் நூறு கேள்விகள் தயாரித்தார். வேலை நேரம், கூலி, இயந்திரங்களால் நேரும் விபத்து, அபராதம் எல்லாம் அதில் உண்டு. எதற்காகக் கேட்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டே கேட்டார். பதில் சொல்பவன் தன் நிலையைத் தானே உணரும்படி அந்தக் கேள்விகள் அமைந்தன. கேட்பவனும் சொல்பவனும் ஒரே பக்கம் நின்றார்கள்.

ஆகவே, வீட்டு வாசலில் தாளுடன் வருபவரானாலும், தொலைபேசியில் அழைப்பவரானாலும், நாம் முதலில் கேட்க வேண்டியவை நான்கு. பணம் யாருடையது? விவரம் யாரிடம் போகிறது? என் பெயர் வெளிவராது என்பதற்கு யார் பொறுப்பு? முடிவை எங்கள் மொழியில் எங்களுக்குச் சொல்வீர்களா? நேர்மையான ஆராய்ச்சியாளர் இவற்றுக்குக் கோபப்பட மாட்டார். மகிழ்ச்சியோடு பதில் சொல்வார். மழுப்புபவருக்குப் பதில் சொல்லாமல் இருக்க நமக்கு முழு உரிமை உண்டு.

மறுக்க முடியாத இடத்தில் இருப்பவனிடம் கேள்வி கேட்பது ஆராய்ச்சியல்ல, விசாரணை. கூலிக்காரனும் குடிசைவாசியும் தங்கள் வாழ்க்கையை நம்பி எடுத்துச் சொல்கிறார்கள். அந்த நம்பிக்கையை விற்காமல் இருப்பதே இந்தத் தொழிலின் முதல் தர்மம். கால்துங் செய்ததும் அதுதான்: ஒரு கடிதத்துக்கு மறுப்புச் சொன்னார், மறுத்ததன் காரணத்தை மறைக்காமல் சொன்னார். ஒரு சாம்ராஜ்யத்தின் திட்டம் கவிழ அது போதுமானதாக இருந்தது.