காப்பியடித்தலும் கருத்துத் திருட்டும்

காப்பியடிப்பது என்றால் நமக்குத் தெரிந்ததெல்லாம் பரீட்சை ஹாலில் பக்கத்துப் பையனின் விடைத்தாளை எட்டிப் பார்ப்பதுதான். புத்தகத்தில் உள்ளதை அப்படியே எழுதுவதை நம் பள்ளிகள் குற்றமாகக் கருதியதில்லை. வரி பிசகாமல் எழுதியவனுக்கே மதிப்பெண் அதிகம். அமெரிக்கக் கல்லூரிகளில் இதே காரியத்துக்குப் பெயர் பிளேஜியரிஸம். கருத்துத் திருட்டு என்று தமிழில் சொல்லலாம்.

இங்கே பள்ளியில் படித்தால் மட்டும் இந்த விஷயம் பிடிபட்டுவிடும் என்றும் சொல்ல முடியாது. சென்னையில் பிறந்து, நியூஜெர்ஸியில் பள்ளிப் படிப்பை முடித்து ஹார்வர்டில் சேர்ந்தவர் காவ்யா விஸ்வநாதன். அவருடைய முதல் நாவல் 2006 ஏப்ரலில் வெளிவந்தது. இரண்டு புத்தகங்களுக்கு ஐந்து லட்சம் டாலர் ஒப்பந்தம் என்று பத்திரிகைகள் எழுதின. ஹார்வர்டில் இடம் பிடிக்கத் திட்டம் போட்டு வளர்க்கப்படும் ஒரு நியூஜெர்ஸி இந்தியப் பெண்ணின் கதை அது. அதே மாதம் 23ஆம் தேதி, ஹார்வர்டின் மாணவர் நாளிதழான கிரிம்ஸன், நாவலின் பல பத்திகள் மேகன் மெக்காஃபர்ட்டியின் நாவல்களை ஒத்திருப்பதை எடுத்துக்காட்டியது. நாற்பதுக்கும் மேற்பட்ட இடங்கள் என்றது மெக்காஃபர்ட்டியின் பதிப்பகம். பள்ளி நாட்களில் விரும்பிப் படித்த வரிகள் தன்னை அறியாமல் மனதில் பதிந்துவிட்டன என்று காவ்யா மன்னிப்புக் கேட்டார். சில நாட்களிலேயே புத்தகம் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அப்போது அவருக்கு வயது 19.

அவர் சொன்னதை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். கவனிக்க வேண்டியது வேறொன்று. பிளேஜியரிஸ விஷயத்தில் 'தெரியாமல் செய்துவிட்டேன்' என்ற பதில் அநேகமாக எடுபடுவதில்லை.

அதே 2006ல் ஒஹையோ பல்கலைக்கழகத்தின் இயந்திரப் பொறியியல் துறையிலும் பூகம்பம். பல முதுநிலை ஆய்வேடுகளில் பத்தி பத்தியாக நகல் இருப்பதை அங்கே படித்த மாணவர் ஒருவரே கண்டுபிடித்தார். மேற்பார்வையிட்ட பேராசிரியர்களும் கண்டனத்துக்கு ஆளானார்கள். பொறியியல் மாணவர்கள் சறுக்குவது பெரும்பாலும் அறிமுகப் பகுதியில்தான். 'சோதனை என்னுடையது, முன்னுரை யாருடையதாக இருந்தால் என்ன?' என்று நினைத்துவிடுகிறோம்.

மென்பொருள் படிப்பவர்களும் தப்ப முடியாது. 1994ல் பெர்க்லியில் உருவான மாஸ் என்ற மென்பொருள் நிரல்களின் அமைப்பையே ஒப்பிடுகிறது. மாறிகளின் பெயரை மாற்றிக் கொடுத்தால் அது ஏமாறாது. கட்டுரைகளுக்கும் இதே கதைதான். பத்துச் சொற்களில் மூன்றை மாற்றிப் போட்டால் அது சொந்த நடையாகிவிடாது.

தப்பும் வழி எளிது. சொற்களை அப்படியே எடுத்தால் மேற்கோள் குறியும் மூலமும் வேண்டும். கருத்தை மட்டும் எடுத்துச் சொந்த நடையில் எழுதினாலும் மூலத்தைச் சொல்ல வேண்டும். நம்மவர்கள் அதிகம் தவறவிடுவது இந்த இரண்டாவதைத்தான். குறிப்பெடுக்கும்போதே பிறர் வரி எது, நம் வரி எது என்று பிரித்து வையுங்கள். படித்ததை மூடி வைத்துவிட்டு எழுதிப் பாருங்கள். எழுதவே வரவில்லை என்றால் இன்னும் புரியவில்லை என்று பொருள். பழைய வரைவுகளையும் அழித்துவிடாதீர்கள். செயற்கை நுண்ணறிவு எழுதியதைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் கருவிகள் சமயத்தில் நிரபராதியையும் சந்தேகிக்கின்றன. அப்போது நீங்கள் காட்டக்கூடிய சாட்சி அந்த வரைவுகள்தான்.

எஃப்-1 விசாவில் வந்தவருக்கு இது மதிப்பெண்ணோடு முடிகிற விவகாரமல்ல. கல்லூரி வெளியேற்றினால் விசா தகுதியும் போகும். ஊரில் வீட்டை அடமானம் வைத்து வாங்கிய கல்விக்கடன் மட்டும் அப்படியே நிற்கும்.

மூலத்தைச் சொன்னால் நம் மதிப்புக் குறைந்துவிடும் என்ற கூச்சம் தேவையில்லை. 1887ல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே.சாமிநாதையர், தம் பதிப்பு முன்னுரைகளில் ஏடு கொடுத்து உதவியவர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். அதனால் அவர் புகழ் எந்த விதத்திலும் குறைந்துவிடவில்லை.