பாசேஜில் எத்தனை ஜோடி செருப்பு? சின்ன ஃப்ளாட் வாசலை ஒழுங்காக்கும் வழிகள்!

பழைய வீடுகளில் திண்ணை, ரேழி எல்லாம் தாண்டித்தான் கூடத்துக்கு வர முடியும். செருப்பு திண்ணையோடு நின்றுவிடும், குடை ரேழி மூலையில் சாய்ந்துகொள்ளும். இன்றைய டூ பெட்ரூம் ஃப்ளாட்டில் அந்த வேலை முழுக்க, கதவைத் திறந்ததும் வரும் 3 அல்லது 3.5 அடி அகல பாசேஜின் தலையில் விழுந்திருக்கிறது. செருப்பு, ஹெல்மெட், ஸ்கூல் பை, தண்ணீர் கேன், பிரிக்காத கூரியர் பெட்டி என்று எல்லாமே அங்கேதான்!

கடைக்குப் போய் ரேக் வாங்கும் முன் டேப்பை எடுத்து அகலத்தை அளந்துவிடுங்கள். சாதாரண ஷூ ரேக் சுமார் 12 அங்குல ஆழம் இருக்கும். 3 அடி பாசேஜில் அதை வைத்தால் மிச்சம் 2 அடிதான். தினமும் நடந்துபோக அது போதும் என்று தோன்றும். ஆனால், வீட்டில் யாருக்காவது நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தால்? ஸ்ட்ரெச்சரே கிட்டத்தட்ட 2 அடி அகலம். சக்கர நாற்காலி அதைவிடச் சற்று அதிகம். எனவே நடக்க 2.5 அடியாவது விட்டுவிட்டு, மீதியில் என்ன அடங்கும் என்று பாருங்கள்.

இந்த இடத்துக்கு ஏற்றது, செருப்பைச் செங்குத்தாக நிறுத்தி வைக்கும் சாய்வுக் கதவு கேபினட். ஆழம் சுமார் 7 அங்குலம்தான். பெரிய சைஸ் ஆண்கள் ஷூ சிலவற்றில் நுழையாது என்பதால், கடைக்கு ஒரு ஷூவை எடுத்துப்போவது நல்லது. சுவரில் ஸ்க்ரூ போட்டு இறுக்காமல் மட்டும் விடாதீர்கள். குழந்தை பிடித்து இழுத்தால் அப்படியே முன்னால் சாயும்.

தினமும் போடுகிற செருப்பு மட்டும் வாசலில் இருந்தால் போதும். கல்யாணத்துக்கு மட்டும் வெளியே வரும் ஹீல்ஸுக்குப் பரண்தான் சரி. மழைக்காலத்தில் ஈர ஷூவை கேபினட்டுக்குள் வைத்து மூடினால் பூஞ்சை பிடிக்கும். ஒரு பிளாஸ்டிக் டிரேயில் பழைய நியூஸ்பேப்பர் விரித்து, காய்ந்த பிறகு உள்ளே வையுங்கள்.

அடுத்தது சுவர். பெரியவர்களுக்குத் தோள் உயரத்தில் ஒரு ஹூக் வரிசை, பிள்ளைகளுக்கு 3 அடி உயரத்தில் இன்னொன்று. கைக்கு எட்டினால் பையை மாட்டுவார்கள், எட்டாவிட்டால் தரைதான்! ஹெல்மெட்டுகளைத் தலைக்கு மேலே ஒரு பலகையில் வைத்துவிடலாம். சாவி ஹூக் மட்டும் கிரில் கேட் வழியாகக் கை நீட்டினால் எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

தாத்தா, பாட்டி இருக்கும் வீட்டில், ஒற்றைக் காலில் நின்று செருப்பு மாட்டுவதே ஆபத்து. சுவரில் மடக்கிவிடும் இருக்கை ஒன்று, எழுந்திருக்கப் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி, அடியில் ரப்பர் உள்ள மிதியடி ஆகியவற்றுக்குச் செலவழிக்கத் தயங்க வேண்டாம். நிலைக்கு நேரே செருப்பை விடாதே என்று பாட்டி சொல்வதில் சாஸ்திரம் உண்டோ இல்லையோ, யாரும் தடுக்கி விழமாட்டார்கள்.

இடம் போதவில்லை என்று ரேக்கைக் கதவுக்கு வெளியே தள்ளுகிறவர்கள் அதிகம். அது எல்லோருக்கும் பொதுவான வழி. தீப்பிடித்தால் புகையில் சுவரைத் தடவிக்கொண்டு ஓட வேண்டிய வழியும் அதுதான். இதைவிடப் பெரிய தவறு, எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரியைக் கழற்றிவந்து பாசேஜில் சார்ஜ் போடுவது. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் சட்டென்று அணையாது. வெளியேற ஒரே கதவு உள்ள வீட்டில் அந்தக் கதவை மறித்துக்கொண்டு அது எரியும். வாசலில் எம்.சி.பி பெட்டி இருந்தால் அதன் மேல் பை, ஜாக்கெட் எதையும் தொங்கவிடாதீர்கள்.

வாடகை வீட்டில் ஓனர் ஆணி அடிக்கச் சம்மதிக்கவில்லையா? கதவின் மேல் விளிம்பில் மாட்டும் ஹூக் பட்டை கிடைக்கிறது. பைகளுக்கு அது தாங்கும். காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போய்விடலாம்.