ஹோம்ஸின் வயலினும் காலப் பிழையும்

ஷெர்லாக் ஹோம்ஸை வைத்து ரசிகர் புனைவு எழுதுவோருள் சிலர், 1881ஆம் ஆண்டு லண்டன் அறையில் அவரைச் சிபேலியஸின் வயலின் கான்செர்ட்டோவை வாசிக்க வைக்கின்றனர். அது முதன்முதலில் அரங்கேறியதோ 1904இல். அக்காலத்தில் பிறவாத சொல்லைப் பாத்திரத்தின் வாயில் வைத்தால் நகைக்கும் நாம், பிறவாத இசையை மட்டும் ஏன் பொறுத்துக்கொள்கிறோம்?

கடினமான உருப்படியே மேதைமைக்குச் சான்று என்பது சோம்பலான எண்ணம். கான்செர்ட்டோவுக்கு இசைக்குழு வேண்டும். தனியறையில் வாசிக்கப் பாஹின் துணையற்ற வயலின் படைப்புகள் உள்ளன. கோனன் டாயிலோ 1887இல் வெளியான முதல் நாவலிலேயே வழிகாட்டிவிட்டார்: வாட்சன் கேட்டுக்கொண்டதற்காக ஹோம்ஸ் மெண்டல்சோனின் பாடல்களை வாசிக்கிறார். அச்சிறு குறிப்பில் விரல்வித்தைக்கு இடமில்லை. இருவரின் நட்பே ஒலிக்கிறது.

இசையைத் தேர்வதும் பாத்திரப் படைப்பே. அதை வெறும் அலங்காரமாகக் கருதுவோர், பாத்திரத்தின் கையில் வயலினைக் கொடுக்க வேண்டா.